கீழத்தெருவுக்கு நானூறு நாற்காலி

பாண்டிச்செல்வியின் தொழிலுக்கு ஒரு குணம் உண்டு. ஊரில் நல்லது நடந்தாலும் ஆள் அவள் கடைக்கு வந்தாக வேண்டும். கெட்டது நடந்தாலும் வந்தாக வேண்டும். நாற்காலி, சாமியானா, அண்டா, ஜமக்காளம், கடைசியில் ஐஸ் பெட்டி. ஒருவனுக்குப் பேர் வைக்கிற அன்று சனம் உட்கார்ந்த அதே நாற்காலியில்தான், அவனைத் தூக்குகிற அன்றும் உட்காரும். நாற்காலிக்கு என்ன தெரியும், பாவம்.

அந்த வியாழக்கிழமை காலை கடையைத் திறந்து, சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, டீ கிளாஸும் கையுமாக 'வரவு' என்ன சொல்கிறது என்று போனைப் பார்த்தாள். பார்த்தவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள்.

'ஞாயிறு. சமுதாயக்கூடம், ஜெயக்கொடி இல்லத் திருமணம். நாற்காலி அறுபது.'

ஜெயக்கொடி ஐந்நூறு நாற்காலி சொல்லியிருந்தார். சரி, அதுகூடப் போகட்டும். அடுத்த வரிதான் அவளை உட்கார வைத்தது.

'செவ்வாய். கீழத்தெரு. நாற்காலி நானூறு, தார்ப்பாய், ஐஸ் பெட்டி. தயாராக வைக்கவும்.'

ஜெயக்கொடியின் வீடு கீழத்தெருவில்தான் இருக்கிறது.

வரவு மேலக்கரைக்கு வந்து நாலைந்து வருஷம் இருக்கும். மதுரையில் ஒரு கம்பெனி. கோயில் கொடியேற்றம், முகூர்த்த நாள், பரீட்சைத் தேதி, கட்சிக் கூட்டம், எந்தப் பத்திரிகை யார் போனுக்குப் போனது, அதை யார் திறந்து பார்த்தார்கள், யார் பார்க்காமலே தள்ளினார்கள், மருந்துக்கடையில் என்ன விற்றது என்று ஊரில் நடக்கிற அத்தனையையும் அது மென்று முழுங்கும். முழுங்கிவிட்டு, அந்தந்தக் கடைக்கு வேண்டியதை மட்டும் முன்கூட்டியே சொல்லும். பூக்கடைக்குப் பூ எவ்வளவு, இலைக்கடைக்கு இலை எவ்வளவு, அவ்வளவுதான். ஏன், எதற்கு என்கிற பேச்சே கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, அதனால் நல்லதும் நடந்தது. மிஞ்சின சோற்றை அண்டா அண்டாவாகக் குழியில் கொட்டுகிற பாவம் ஊரில் நின்றது. கணக்குத் தப்பியதே இல்லை என்று கடைக்காரர்கள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்கள்.

ஒரே ஒரு விதி. வரவு சொன்னதை வெளியாளிடம் சொல்லக் கூடாது. கம்பெனி போட்ட விதிதான். ஆனால் கம்பெனி போடாவிட்டாலும் கடைக்காரர்களே போட்டிருப்பார்கள். 'உங்க வீட்டுக்குப் பெட்டி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கு' என்று எந்த வாயால் போய்ச் சொல்வது?

பாண்டிச்செல்வியே அதை நம்பி நடந்தவள்தான். வண்டிக்காரத் தெருவில் வீடு கட்டிக் குடிபோனபோது, 'வெளியூர் வரவு இல்லை' என்றது அது. வெளியூரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? திருப்பூரில் தங்கை கவிதா ஒருத்திதான். இரண்டு பேருக்கும் நடுவில் சின்னதாக ஒரு மனத்தாங்கல். போனில் பத்திரிகை அனுப்பினால் போதாது, நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும் என்று சேலைகூட எடுத்து வைத்திருந்தாள். வரவைப் பார்த்ததும், வராதவளை எதற்குத் தொங்க வேண்டும் என்று விட்டுவிட்டாள். கவிதாவும் வரவில்லை. "பாத்தியா, சரியாத்தான சொல்லியிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

இனி ஜெயக்கொடி யார் என்று சொல்ல வேண்டும். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் 'பந்தி ஜெயக்கொடி'. யார் வீட்டு விசேஷமானாலும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தி விசாரிக்க நிற்பார். "என்ன மாப்ளே, ரசத்துக்கே எந்திரிச்சா எப்படி? ஏப்பா, இங்க ரெண்டு அப்பளம் போடு" என்று அவர் குரல் கேட்டால்தான் ஊருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். எல்லாரும் கை கழுவிப் போன பின்னால் கடைசிப் பந்தி ஒன்று உண்டு. பாத்திரம் தேய்க்கிறவர்கள், காய் நறுக்கினவர்கள், நாற்காலி தூக்கினவர்கள் உட்காருகிற பந்தி. அந்நேரத்துக்கு வீட்டுக்காரர்கள் மொய்க் கவரைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஜெயக்கொடி மட்டும் நிற்பார். பாயசம் தீர்ந்துவிட்டது என்றால் மாஸ்டரிடம் சண்டைக்குப் போவார். பாண்டிச்செல்வி கடைசிப் பந்தியில் சாப்பிட்டே வளர்ந்தவள். அவளுக்கு அவர் கூடப் பிறக்காத அண்ணன்.

அந்த மனுஷனின் மகள் யாழினி, வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். ஜெயக்கொடி ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு, "சரித்தா, ஊரறியக் கட்டி வைக்கிறேன்" என்றார். சொந்தம் முறைத்துக்கொண்டது. அவர் மனைவியின் அண்ணன் ரைஸ்மில் ராஜாங்கம் ஒரு படி மேலே போனார். அதே ஞாயிற்றுக்கிழமை தன் பேரனுக்குக் காதுகுத்து வைத்துவிட்டார். கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன் அவர்; மணவறையில் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர். பல்லு முளைக்காத பிள்ளைக்குக் காது குத்த என்ன அவசரம்? ஊருக்குப் புரிந்துவிட்டது. சொந்தமெல்லாம் காதுகுத்துக்குப் போகும். கல்யாணத்துக்கு வராது.

இதைக் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பா வேண்டும்? ஊர் முழுக்கப் பந்தி விசாரித்தவன் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை இலை காலியாகக் கிடக்கும். செவ்வாய்க்கிழமை பெட்டி. பாண்டிச்செல்வி கடையைப் போட்டது போட்டபடி விட்டுக் கிளம்பினாள்.

நேரே சமையல் மாஸ்டர் கதிரேசனிடம் போனாள். கல்யாணம், காதுகுத்து இரண்டுக்கும் அவர்தான் சமையல்.

"கல்யாணத்துக்கு எத்தனை எலைன்னு சொல்லுது மாஸ்டர்?"

"எழுபது."

"அவரு ஐந்நூறுக்குல்ல சொல்லியிருக்காரு?"

"சொன்னாரு. நான் எழுபதுக்குத்தான் ஒலை வைக்கப் போறேன். வேன்காரன் வேனையெல்லாம் காதுகுத்துக்குக் குடுத்துட்டான். பூக்காரன் மாலையைக் கொறைச்சுட்டான். நான் மட்டும் ஆக்கிக் கொட்டவா?"

"ஆள் வராதுன்னு ஆளாளுக்கு எல்லாத்தையும் எடுத்துட்டா, வரணும்னு நெனைக்கிறவன்கூட எதுல வருவான்?"

கதிரேசன் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் வருத்தப்பட்டு யார் அரிசி களைவார்கள்?

திரும்பி வரும்போது மருந்துக்கடை சாகுல் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, சொல்லக் கூடாது, இருந்தாலும் மனசு கேக்கல. கீழத்தெருவுல ஒரு வீட்டுக்கு மாசாமாசம் நான் ஒரு மருந்து வரவழைக்கிறேன். செவ்வாய்க்கெழமைக்கு மேல அது வேணாம்னு வரவு சொல்லுது."

"யார் வீட்டுக்கு பாய்?"

"மதுரை டாக்டர் எழுதுன சீட்டு. வேலையாள் வந்து வாங்கிட்டுப் போவாப்ல. அதுக்கு மேல கேக்காதீங்க."

ஜெயக்கொடிக்கு பிரஷர் உண்டு என்பது ஊரறிந்த சேதி. பாண்டிச்செல்வி மேலே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பதறின மனசுக்கு, தான் நினைத்ததற்குச் சாட்சி கிடைத்தால் போதும் போலிருக்கிறது.

கம்பெனியில் இந்த வட்டாரத்தைப் பார்த்துக்கொள்கிற பையன் நவநீதன். அவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, செவ்வாய்க்கெழமைக்குப் பெட்டி கேட்டிருக்கே, அது எப்படித் தெரியும்?"

"எங்களுக்கும் தெரியாதுக்கா. ஆயிரம் விஷயத்தைச் சேர்த்துப் பாக்குது. இதெல்லாம் இப்படி இப்படி இருந்தா, இன்ன சாமான் தேவைப்படும்னு சொல்லுது. சாமானை மட்டுந்தான் அதுகிட்ட கேக்கலாம். காரணத்தைக் கேக்க முடியாது."

"தப்பாப் போகுமா?"

"போகலாம். மழை வரும்னு சொல்லி வராமப் போறதில்லையா?"

"ஒரு ஆளு சாகப் போறான்னு தெரிஞ்சா, அந்த வீட்டுல சொல்ல வேணாமாய்யா?"

"அவங்க நம்ம வாடிக்கையாளர் இல்லையேக்கா" என்றான். கெட்ட பையன் இல்லை. சொன்ன பிறகு அவனுக்கே கூசியிருக்க வேண்டும். "நீங்களும் சொல்லிராதீங்க. சொன்னா இணைப்பைத் துண்டிச்சிருவாங்க" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஜெயக்கொடி வீட்டுக்குப் போனாள். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வா தாயி. நாற்காலியெல்லாம் தொடைச்சு வச்சுட்டியா? எங்க மச்சான் வெள்ளைவேட்டிக்காரரு, அழுக்கு நாற்காலின்னா உக்கார மாட்டாரு."

"மில்லுக்காரய்யா வர்றேன்னாராண்ணே?"

"சொல்லல. ஆனா கடைசி நேரத்துல வந்து நிப்பாரு பாரு. கோவக்காரருதான். யாழினின்னா உசுரு அவருக்கு. அவரு வந்தா சனம் தன்னால வந்துரும்."

"ஒருவேளை வரலேன்னா?"

கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது. "எலையைப் போட்டு, ஆள் உக்காரலேன்னா... அதுக்கப்புறம் இந்தத் தெருவுல நான் என்னன்னு நடப்பேன்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு பாண்டிச்செல்விக்கு எதையும் சொல்ல வாய் வரவில்லை. காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அதே தெருவில் ஐந்து வீடு தள்ளி ராஜாங்கத்தின் வீடு. போகலாமா வேண்டாமா என்று யோசித்தால் போக மாட்டோம் என்று தெரிந்து, யோசிக்காமல் படியேறிவிட்டாள்.

சித்திரை வெயில் கொளுத்துகிற நேரத்தில் மனுஷன் சால்வை போர்த்திக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வீம்பு பிடித்தவனுக்குச் சோறு எப்படி இறங்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஐயா, காதுகுத்தை ஒரு வாரம் தள்ளி வைங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"முடியாதுத்தா. தேதி என் கையில இல்ல."

"அப்பக் கல்யாணத்துக்காச்சும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. மாமன்னு மாலையை எடுத்துக் குடுங்க."

"மனசு இன்னும் ஆறல. பொய்யாச் சிரிச்சுக்கிட்டு மணவறையில நிக்க எனக்குத் தெரியாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "உன் மிஷினு எத்தனை பேருங்குது?"

சொல்லக் கூடாது. சொல்லிவிட்டாள். "அறுபது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாண்டிச்செல்விக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. "அப்ப அந்த வீட்டுல ஒரு சாவு விழுந்தாத்தான் படியேறுவீங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டாள். ஒரு பெரிய மனுஷனிடம் கேட்கிற கேள்வியா அது?

ராஜாங்கம் கோபப்படவில்லை. "சாவுன்னா எல்லாரும் வருவாங்கத்தா" என்றார் நிதானமாக. "கல்யாணத்துக்குத்தான் கூப்பிட்டாப் போகணும். சாவுக்குக் கேட்டாலே போகணும். பகையாளியும் வந்துதான தீரணும்."

'கல்லு நெஞ்சு' என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

தெருவில் நடக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வரவு யாரை எண்ணுகிறது? பத்திரிகை வாங்கினவனை எண்ணுகிறது. நாற்காலி தூக்குகிறவனுக்கு யார் பத்திரிகை வைத்தார்கள்? அவன் வேலைக்கு வந்தவன். வந்த சனத்தில் சேர்த்தி இல்லை. மேலக்கரையில் கடைசிப் பந்தியில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எந்த மிஷினுக்கும் தெரியாது. ஜெயக்கொடி ஒருவருக்குத்தான் தெரியும்.

அன்று மாலையும் மறுநாள் முழுக்கவும் அவள் ஒரு தாம்பாளத்தோடு அலைந்தாள். பாத்திரம் தேய்க்கிறவர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், சீரியல் லைட் கட்டுகிறவர்கள், மேளக்காரர்கள், இலை நறுக்குகிறவர்கள் என்று வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்தாள். "வேலைக்குக் கூப்பிடல. கல்யாணத்துக்குக் கூப்பிடுறேன். குடும்பத்தோட வந்து மொதப் பந்தியில உக்காரணும்." பாதிப் பேர் காதுகுத்துக்கு வேலை ஒப்புக்கொண்டவர்கள். தலையைச் சொறிந்தார்கள். "ஒரு மணி நேரம் வந்து உக்காந்து எந்திரிங்க. சண்டை வந்தா என்மேல பழியைப் போடுங்க" என்றாள். கதிரேசனிடம், "ஐந்நூறுக்கே ஆக்குங்க மாஸ்டர். மிஞ்சுனா என் தலையில கொட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம், மின்வாரியச் சிநேகிதர்கள் கொஞ்சம். வரவு சொன்ன அறுபதுக்கு ஒன்று கூடவில்லை. மணவறையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. யாழினியின் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். ஜெயக்கொடி சந்தனத் தட்டோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே வந்து பந்தியைப் பார்த்தார். வரிசை வரிசையாக இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் வைத்தாயிற்று. உட்கார ஆள் இல்லை. துண்டை இடுப்பில் கட்டப் போனார். முடிச்சு விழவில்லை.

அப்போது வாசலில் வண்டிச் சத்தம். ரைஸ்மில் மினிலாரி. டிரைவர் முதலாளிக்குத் தெரியாமல் எடுத்து வந்திருப்பான் என்று பாண்டிச்செல்வி நினைத்தாள். அதிலிருந்து பட்டுப்பாவாடைப் பிள்ளைகள், பூ வைத்த பெண்கள், சலவைச் சட்டை போட்ட ஆண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த வண்டி போய் இன்னொரு நடை வந்தது. இன்னொரு நடை. முதல் பந்தியில் உட்கார்ந்து பழகாத சனம் சுவரோரம் ஒதுங்கி நின்றது. பழக்கதோஷத்தில் இரண்டு பேர் சாம்பார் வாளியைத் தூக்கவே போய்விட்டார்கள்.

ஜெயக்கொடி அவர்கள் தோளை அமுக்கி உட்கார வைத்தார். ஒருவர் விடாமல் முகத்தைப் பார்த்தார். "ஏத்தா மாரியாயி, சின்னவனுக்கு நெய் ஊத்தச் சொல்லு... யோவ் சடையா, ரசத்துக்கே எந்திரிச்ச, கொன்னுபுடுவேன்" என்றார். மனுஷன் வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பாண்டிச்செல்வியும் அழுதாள். அன்றைக்குத்தான் அவள் வாழ்க்கையில் முதல் பந்தியில் சாப்பிட்டாள்.

மிஷினைத் தோற்கடித்தாயிற்று என்ற நிம்மதியோடு திங்கட்கிழமை போனைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை வரி அப்படியே இருந்தது. நாற்காலி நானூறு. ஐஸ் பெட்டி.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே, பாத்திரம் சரிபார்க்கிற சாக்கில் ஜெயக்கொடி வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் இட்லி சாப்பிடுவதை எச்சில் விழுங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரஷர் மாத்திரை போட்டீங்களாண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"போட்டேன்த்தா. உனக்கு என்ன வந்துச்சு இன்னிக்கு?" என்று சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் தெருவில் ஓலம் கேட்டது. ஐந்து வீடு தள்ளி.

"அய்யோ, எங்கண்ணே" என்று யாழினியின் அம்மா தலைவிரி கோலமாக ஓடினாள். ஜெயக்கொடி போட்டது போட்டபடி எழுந்து ஓடினார்.

புற்றுநோய். ராஜாங்கத்துக்கும் அவர் மனைவிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. சித்திரை தாண்டாது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தாராம். வலி தெரியாமல் இருக்கத்தான் அந்த மருந்து. பேரன் காதில் தங்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். கண்ணுக்கு எட்டின ஒரே முகூர்த்தம் அந்த ஞாயிற்றுக்கிழமை. தங்கை மகள் யாழினி மேல் கோபம் இருந்தது நிஜம். ஆனால் தேதி கோபத்தில் வைத்த தேதி இல்லை.

நாற்காலியை இறக்கிக்கொண்டிருக்கும்போது கதிரேசன் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"ஆளுக கல்யாணத்துக்குப் போயிட்டு வரட்டுமான்னு சனிக்கிழமை அவருகிட்டதான் உத்தரவு கேட்டேன். என் மில்லு வண்டியிலயே கூட்டிட்டுப் போய் எறக்குன்னாரு. காதுகுத்துக்கு வந்த சனத்தை ஒரு மணி நேரம் சாப்பிடாம உக்கார வச்சாரு. மச்சானுக்குத் தெரியக் கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு."

பாண்டிச்செல்வி கையிலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மனுஷனிடம்தான் 'சாவு விழுந்தாத்தான் படியேறுவீங்களா' என்று கேட்டிருந்தாள்.

ஊர் திரண்டு வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்கு வராத சொந்தம் அத்தனையும் வந்தது. யாழினியும் அவள் புருஷனும் வந்தார்கள். ஒருவரும் முகம் திருப்பவில்லை. நானூறு நாற்காலியும் நிறைந்தது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வரவு நன்றாகத்தான் வேலை செய்தது.

ஜெயக்கொடிக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தார். கடைசியில் பாண்டிச்செல்வியிடம் வந்து நின்றார்.

"அஞ்சு வீடுதான தாயி? நடந்தா வெத்தலைய மெல்லுறதுக்குள்ள போயிரலாம். முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா, காலைப் பிடிச்சாவது பேசியிருப்பேனே. நேத்துத் தெரிஞ்சிருந்தாக்கூடப் போதுமே. ஒரு நா, ஒரே ஒரு நா" என்றார்.

வியாழக்கிழமையிலிருந்து தெரிந்தவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். தெரு தெரிந்திருந்தது, நாள் தெரிந்திருந்தது. எந்த வீடு என்று மட்டும் அவளாகவே முடிவுகட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டாள். அந்தத் தெருவில் இரண்டு வீட்டில் சொல்லியிருந்தால் போதும். அவர் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

ஆடி பிறந்தது. முகூர்த்தம் இல்லாத மாதம், கடை ஈயோட்டியது. ஒரு புதன்கிழமை காலை, டீ கிளாஸும் கையுமாகப் போனைப் பார்த்தாள்.

'வெள்ளி. வண்டிக்காரத் தெரு. நாற்காலி நூறு, ஐஸ் பெட்டி. வெளியூர் வரவு இல்லை.'

அவள் தெரு. எந்த வீடு என்று அது சொல்லாது. இந்தத் தடவை அவள் முடிவுகட்டப் போகவில்லை. கடையை இழுத்துப் பூட்டினாள். தெருவின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"யார் மேலயாச்சும் கோவத்துல பேசாம இருக்கீங்களா? பாக்கணும்னு நெனச்சுப் பாக்காம இருக்கீங்களா? இன்னைக்கே போயிருங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க. ஏன்னு கேக்காதீங்க."

தெருமுனை வரை விரட்டி ஏசினாள் ஒருத்தி. 'ஆடி மாசத்துல பைத்தியம் பிடிச்சிருச்சு' என்றான் ஒருவன். தையல்காரர் வீட்டில் மட்டும், அந்த அம்மா தையல் மிஷினை விட்டு எழுந்து, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். நடுவில் நவநீதன் இரண்டு தடவை கூப்பிட்டான். பாண்டிச்செல்வி எடுக்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. வரவு இருந்த இடத்தில், 'உங்கள் இணைப்பு நிறுத்தப்பட்டது' என்று வந்து நின்றது. நிற்கட்டும்.

வெயில் இறங்குவதற்குள் தெருவில் எல்லா வீட்டிலும் சொல்லி முடித்துவிட்டாள். பாக்கி இருந்தது ஒரே வீடு. அதன் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

கதவைத் திறந்து உள்ளே போனாள். குடிபோன அன்று போட்ட நாற்காலியில் ஒன்று அங்கேயே தங்கிவிட்டிருந்தது, அதில் உட்கார்ந்தாள். திருப்பூர் நம்பரை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தாள். ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுக்க மாட்டாள், எதற்கு எடுக்க வேண்டும் என்று நினைக்கும்போதே அந்தப் பக்கம் எடுத்த சத்தம் கேட்டது.

"அக்கா?" என்றாள் கவிதா. "என்னக்கா, யாருக்கும் ஏதும் ஆகிப்போச்சா?"

"இல்லடி" என்றாள் பாண்டிச்செல்வி. "இன்னும் ஆகல. சும்மா உன்னைப் பாக்கணும் போல இருந்துச்சு. கெளம்பி வர்றேன்."